ஆர்.எஸ். வண்டி என்ன விலைங்க?

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வியாபாரி தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கை மேல் போடுவார். எதிராளி அதற்குள் கையை விடுவார். விரல்கள் பேசும், மாடு கைமாறும், பக்கத்தில் நிற்கிற நமக்கு எவ்வளவுக்குப் போனது என்று தெரியாது. சேகரிப்பாளர்கள் தேடும், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் வியாபாரமும் நம் பக்கம் இப்படித்தான் நடக்கிறது. விளம்பரத்தில் 14 லட்சம் என்று போட்டிருக்கும். அது கேட்கிற விலை. முடிந்த விலை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் நின்ற ஆட்டோ கன்சல்டிங்காரருக்கும் மட்டும்தான் தெரியும். அடுத்த மாதம் இன்னொருவர் தன் வண்டியை விற்க வரும்போது அந்த 14-ஐத்தான் 'மார்க்கெட் ரேட்' என்பார்.

நிலம் வாங்கினால் பத்திரத்தில் ஒரு தொகையாவது பதிவாகிறது. காருக்கு அப்படியொரு பொதுப் பதிவேடு கிடையாது. அமெரிக்காவில் இத்தகைய கார்களில் பல இணைய ஏலத்தில் போகின்றன. எந்த வண்டி, எத்தனை மைல், எவ்வளவுக்கு முடிந்தது என்பதை யாரும் பார்க்கலாம். அதை வைத்து அவர்கள் வரைபடம் போடுகிறார்கள், ஏறுகிறது இறங்குகிறது என்கிறார்கள். அந்த வரைபடத்தை ஃபோனில் பார்த்துவிட்டு தமிழக-கேரள எல்லையோர வேலந்தாவளத்தில் நிற்கும் ஒரு வண்டிக்கு விலை சொல்வதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. உலகச் சந்தை ஆடுவதற்கான காரணங்கள் வேறு, நம் சந்தை ஆடுவதற்கான காரணங்கள் வேறு. இங்கே விலையைத் தீர்மானிப்பது வண்டியின் பேப்பரும் (ஆவணங்களும்), விற்க நினைக்கிற நாளில் வாங்கத் தயாராக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையும்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கோயமுத்தூர், பொள்ளாச்சி, அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு என்று பாலக்காட்டுக் கணவாயின் இரு புறமும் கார்ப் பித்து கொஞ்சம் அதிகம். அதற்கு வரலாறு உண்டு. ஃபார்முலா மாருதி பந்தயக் காரை வடிவமைத்த எஸ். கரிவர்தன் கோவைக்காரர். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இதே ஊர். அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. பம்ப்செட் பார்ட்ஸ் கடையும் லேத் பட்டறையும் தெருவுக்குத் தெரு இருப்பதால், கிடைக்காத உதிரிபாகத்தைக் 'கடைஞ்சுக்கலாம்ங்க' என்று சொல்லும் தைரியமும் இங்கே உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் வளைகுடாப் பணமும், மலையாளிகளின் கார் மோகமும். இரண்டும் சந்திக்கிற இடம் என்பதால் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் வாளையார் வழியாக இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டே இருக்கின்றன.

எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம்? ஃபெராரி அல்ல. ஆசைப்பட்டு, கொஞ்சம் சிரமப்பட்டால் ஒரு தென்னந்தோப்புக்காரரோ மில் உதிரிபாகம் செய்பவரோ வாங்கிவிடக்கூடிய வண்டிகள். 2004 வாக்கில் வந்த, ஆக்டேவியாவின் வேகமான வடிவமான முதல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.: 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், மேனுவல் கியர். 2015-ல் 9.95 லட்சத்துக்கு வந்த அபார்த் புன்ட்டோ. 2016-ல் வந்த மூன்று கதவு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.ஐ. ஆக்டேவியாவின் பிந்தைய வடிவங்களான 2017-ன் ஆர்.எஸ். 230, 2020-ல் 200 வண்டி மட்டுமே வந்த ஆர்.எஸ். 245. இவை தவிர மிட்சுபிஷி எவோ, பழைய போர்ஷே பாக்ஸ்டர், ஆடி டி.டி. என்று ஒரு சிறு கூட்டம்.

இவற்றுக்கு மவுசு வரக் காரணம் நம் இறக்குமதி விதி. வெளிநாட்டில் பழைய கார் வாங்கி இங்கே கொண்டுவர வேண்டுமானால் அது தயாராகி 3 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். அரை நூற்றாண்டு தாண்டிய வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி. நடுவில் இருக்கும் 1980-கள், 90-களின் அழகான கார்கள் எல்லாம் கதவுக்கு வெளியே. அதாவது இங்கிலாந்தில் 1995-ன் போர்ஷே 911 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு அதனால் பயனில்லை. அங்கே விலை சரிந்தால் இங்கே இருப்பதன் விலை சரியும் என்பதும் இல்லை. இந்தியாவுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட வண்டிகளின் எண்ணிக்கை அவ்வளவுதான், ஒவ்வொரு விபத்துக்கும் ஒன்று குறையும்.

உலகச் சந்தை எப்படி ஏறி எப்படி விழும்

இருந்தாலும் வெளியூர்க் கதைகள் இரண்டு தெரிந்திருப்பது நல்லது. அவற்றில் இருக்கும் மனிதப் புத்தி எல்லா ஊருக்கும் பொது.

1988 ஆகஸ்டில் என்சோ ஃபெராரி இறந்தார். ஏற்கெனவே ஜப்பானில் நில விலையும் பங்கு விலையும் வானத்தில் இருந்த காலம். அந்தப் பணம் பழைய ஃபெராரிகள் பக்கம் திரும்பியது. எல்லா மாடலும் ஏறியது, ஓட்டத் தெரியாதவர்களும் வாங்கினார்கள். அதே 1988-ல் ஜாகுவார் நிறுவனம் பர்மிங்ஹாம் கண்காட்சியில் எக்ஸ்.ஜே. 220 என்ற காரைக் காட்டியது. 12 சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. 50,000 பவுண்டு முன்பணம் கட்டினால் வரிசையில் இடம். வரிசை நீண்டது. காரணம், காரை எடுத்த மறுநாளே லாபத்துக்கு விற்கலாம் என்ற கணக்கு. 1992-ல் கார் தயாராகும்போது 12 சிலிண்டர் 6 ஆகிவிட்டது, நான்கு சக்கர இழுவை இரண்டாகிவிட்டது, விலை 4 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. அதற்குள் ஜப்பான் குமிழி உடைந்து பிரிட்டனில் மந்தம் வந்துவிட்டது. புக் செய்தவர்கள் பின்வாங்கப் பார்த்தார்கள், நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. மொத்தம் 300 கார்கூடச் செய்யவில்லை. முப்பது ஆண்டு கழித்து இன்று அந்தக் காரைத் தேடி வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம். முன்பணம் கட்டியவர்களில் எத்தனை பேருக்கு அதுவரை பொறுக்க முடிந்திருக்கும்?

இரண்டாவது கதை அண்மையது. 2016-ல் போர்ஷே 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் மட்டும் செய்தது. மேனுவல் கியர், பந்தய எஞ்சின், எடை குறைவு. அமெரிக்காவில் விலை 1,84,900 டாலர். 'இனி மேனுவல் கியரில் இப்படி ஒரு போர்ஷே வராது' என்ற பேச்சு பரவியதும், பல மடங்கு விலைக்கு விளம்பரங்கள் முளைத்தன. அடுத்த ஆண்டே போர்ஷே தன் ஜி.டி. 3 காரை மேனுவல் கியரோடு, பின்பக்க இறக்கை இல்லாத டூரிங் வடிவத்திலும் விற்கத் தொடங்கியது. 911 ஆர் விலை சடசடவென்று இறங்கியது. அரிதானது என்று நாம் நம்புவது எண்ணிக்கையை மட்டுமல்ல, 'இனி வராது' என்ற வாக்கையும்தான். அந்த வாக்கை உடைக்கும் அதிகாரம் கம்பெனியிடம் இருக்கிறது.

இவை தவிர வட்டி விகிதம். கொரோனா காலத்தில் வட்டி அடிமட்டத்தில் இருந்தது, வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கையில் பணமும் ஃபோனும் இருந்தன. 2021, 22-ல் விலைகள் உச்சிக்குப் போயின. வட்டி ஏறியதும் தணிந்தன. இன்னொரு காரணம் தலைமுறை. மனிதன் 15 வயதில் சுவரில் படமாக ஒட்டிய காரை 45 வயதில் வாங்குகிறான். அதனால்தான் 1950-களின் கார்களை விட 1990-களின் ஜப்பானியக் கார்களுக்கு இப்போது கூட்டம். நம் பக்கம் 2004-ல் காலேஜில் படித்தவன் ஆர்.எஸ்.ஸை வியந்து பார்த்தான். அவனுக்கு இப்போது 40, கையில் கொஞ்சம் காசு. அவன் மகனுக்கு அந்த வண்டி மேல் ஏக்கம் இருக்குமா என்பது தெரியாது. இதை விற்பவர் யாரும் சொல்ல மாட்டார்.

நம் ஊரிலேயே நடந்த கூத்து

போலோ ஜி.டி.ஐ. முழுதாக இறக்குமதியான வண்டி, முதலில் சொன்னது 99 எண்ணிக்கை. 2016 நவம்பரில் விலை 25.99 லட்சம். ஒரு போலோவுக்கு 26 லட்சமா என்று ஊரே சிரித்தது. விற்கவில்லை. பிறகு 6 லட்சத்தை வெட்டி 19.99 லட்சம் ஆக்கினார்கள். முதலில் வாங்கியவர் கதி என்ன? ஷோரூமை விட்டு வந்த சில மாதத்தில், அவர் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் இருந்திருந்தாலும், 6 லட்சம் போச்சு. எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டும் விலை நிற்காது. குறைவாக இருப்பதை நிறையப் பேர் கேட்க வேண்டும்.

நேர்மாறு ஆர்.எஸ். 245. 2018-ல் புது வண்டிகளுக்கான இறக்குமதி விதி தளர்ந்தது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வண்டி வரை இந்தியாவில் தனிச் சோதனை இல்லாமல் இறக்குமதி செய்யலாம் என்றானது. அந்த வழியாக 2020-ல் 200 வண்டி வந்தது, 35.99 லட்சம். 245 குதிரைத்திறன், நான்கு கதவு, பெரிய டிக்கி. வீட்டில் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மருதமலை போகலாம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வால்பாறைக் கொண்டை ஊசிகளில் தனியாகவும் போகலாம். விற்றுத் தீர்ந்தது. பல ஆண்டு கழித்தும் புது விலையை நெருங்கிய தொகை கேட்ட விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு 2025. மே மாதம் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஜி.டி.ஐ. 53 லட்சத்துக்கு வந்தது. அக்டோபரில் புது ஆக்டேவியா ஆர்.எஸ். 100 வண்டி, 49.99 லட்சம். இரண்டுமே உடனடியாக முடிந்தன. இடையில் செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறி, பெரிய கார்களுக்கு 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் இருந்த இடத்தில் மொத்தமே 40 சதவீதம் என்றானது, அதாவது வரி குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி கேட்கும் விலையும் இறங்க வேண்டும். ஆனால் 50 லட்சத்துக்குப் புது ஆர்.எஸ். வந்ததைக் காட்டி, 'புதுசே அம்பதுங்க, என்னுது இருவதுக்குக் குடுக்கறேன்' என்று பழைய ஆர்.எஸ். 230 விற்பவர் சொல்லவும் வழி கிடைத்தது. அந்த 230-இன் 2017 புது விலை 24.62 லட்சம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரே செய்தியை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம் என்பதால், செய்தியைப் பார்த்து விலை முடிவு செய்வதில் அர்த்தம் இல்லை.

டி.என். 41, கே.எல். 09

எல்லையோரத்தில் வாங்குபவருக்கு இந்தப் பகுதிதான் முக்கியம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே கார், ஒரே ஆண்டு, ஒரே நிறம். ஒன்று பொள்ளாச்சி நம்பர் (டி.என். 41), இன்னொன்று பாலக்காடு நம்பர் (கே.எல். 09), மூன்றாவது டெல்லி. மூன்றுக்கும் மூன்று விலை. வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் வைத்திருந்தால் அந்த மாநிலத்தில் மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஃபார்ம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), வண்டி மேல் கடன் இருந்திருந்தால் ஃபார்ம் 35 கொடுத்து ஹெச்.பி. என்ற கடன் பதிவை நீக்குவது, பேர் மாற்ற ஃபார்ம் 29-ம் 30-ம், புது மாநிலத்தில் மீதி ஆயுளுக்கு வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு ஆயுள் வரி 20 சதவீதம், கேரளத்தில் அதற்கும் சற்று மேல். வண்டிக்கு வயது ஆக ஆகக் கட்ட வேண்டியது குறையும் என்றாலும், வண்டி புதிதாக இருந்தபோதைய விலையை வைத்தே கணக்கு ஓடும். கன்சல்டிங்காரர் சொல்லும் 'கே.எல். நம்பர்ங்க, ஒரு லட்சம் கம்மி' என்ற தள்ளுபடியை இந்த வரி அப்படியே விழுங்கிவிடும். பழைய மாநிலத்தில் மீதிக் காலத்து வரியைத் திரும்பக் கேட்கலாம். யார் பெயரில் கட்டியதோ அவர்தான் கேட்க வேண்டும், அதாவது விற்றவர். விற்றபின் அவர் உங்களுக்காக அலைவாரா?

15 ஆண்டு தாண்டிய வண்டி என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணம் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 10,000-மும் 80,000-மும் ஆக்கிவிட்டார்கள். முதல் ஆக்டேவியா ஆர்.எஸ். இப்போது அந்த 20 ஆண்டுக் கோட்டில் நிற்கிறது. நல்லவேளையாக அந்தக் கால ஆக்டேவியாக்களை இங்கேயே ஔரங்காபாத் ஆலையில் பாகம் பாகமாகப் பூட்டிச் செய்தார்கள், அதனால் அவை இறக்குமதிக் கணக்கில் வராது. போலோ ஜி.டி.ஐ.க்கும் ஆர்.எஸ். 245-க்கும் வயதாகும்போது அவை முழு இறக்குமதி வண்டிகள் என்பது இந்த 80,000 கணக்கில் வந்து நிற்கும். போதாக்குறைக்குக் கேரளம் 2025 பட்ஜெட்டில் 15 ஆண்டு தாண்டிய கார்களுக்கான வரியை 50 சதவீதம் கூட்டியது.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசலும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலும் ஓடக்கூடாது என்று இருந்த தடை. 2025-ல் உச்ச நீதிமன்றம் அதை ஓரளவு தளர்த்தியது. அங்கே ஓட்ட முடியாத வண்டி இங்கே என்.ஓ.சி.யோடு வரும். தவறில்லை, ஆனால் அந்த என்.ஓ.சி. அசல்தானா என்பதைப் பரிவாகன் இணையதளத்தில் பார்த்து, கொடுத்த ஆபீசோடு சரிபார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். புதுச்சேரி நம்பர் பெரிய வண்டி என்றால் இன்னும் எச்சரிக்கை. அங்கே வரி குறைவு என்பதற்காகப் பொய்யான முகவரியில் பதிந்த சொகுசுக் கார்கள் மீது 2017-ல் கேரளத்தில் வழக்குகள் பாய்ந்தன. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் நடத்திய சோதனையில், பூட்டானிலிருந்து கடத்தி வந்து போலி ஆவணத்தில் பதிந்த வண்டிகளைத் தேடி நடிகர்கள் வீடு வரை போனார்கள். கோவையை மையமாகக் கொண்ட கும்பல் ஒன்று இதில் இருப்பதாகவும் சொன்னார்கள். அப்படிப்பட்ட வண்டியை நல்லெண்ணத்தில் மூன்றாவது ஓனராக வாங்கியவருக்கும் வண்டி சுங்கத் துறை வளாகத்தில்தான் நிற்கும். உலகச் சந்தையில் 30 சதவீதம் விழுந்தால் 30 போகும். பேப்பர் கெட்டால் நூறும் போகும்.

வண்டியைப் பார்ப்பது

கொழிஞ்சாம்பாறைக்கு உள்ளே ஒரு தோப்பு வீட்டில், தேங்காய் மட்டை அடுக்கிய ஷெட்டுக்குள் மஞ்சள் நிற ஆர்.எஸ். ஒன்று நின்றது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"காலையில ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ஆமாங்க. நீங்க வர்றீங்கன்னுட்டு சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன்."

"அப்ப ஆறட்டுங்க. டீ குடிச்சுட்டு வர்றோம்."

விற்பவர் முகம் மாறியது. டர்போ எஞ்சினில் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் ஆறிய எஞ்சினை முதலில் உயிர்ப்பிக்கும்போது நீலப் புகை வரும். சூடேறிவிட்டால் அது மறைந்துவிடும். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாவி போட்டபோது பின்னால் நின்று பார்த்தோம். கொஞ்சம் வந்தது, நின்றுவிட்டது. "மோசமில்ல, ஆனா விலையில பேசிக்கலாம்" என்றார் அண்ணன் காதோரம்.

பிறகுதான் மற்றவை. கதவு ரப்பர் பீடிங்கை விரலால் உரித்து, கம்பெனி வெல்டிங் புள்ளிகள் வரிசை கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தார். டிங்கர் பட்டறையில் திருப்பி ஒட்டிய இடத்தில் அந்தச் சின்னச் சின்னக் குழிகள் இருக்காது. ஸ்டெப்னி கழற்றி அடியில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பார்த்தார். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019-ன் 22-வது வாரம். 60,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் பிரேக் பெடல் ரப்பரும் கியர் நாப்பும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. கூரைத் துணி தொங்குவது அந்தக் கால ஸ்கோடாக்களுக்கு நம் வெயிலில் வருவதுதான், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. ஒயரை எலி கடித்திருப்பதுதான் தோப்பு வீட்டு வண்டிகளின் நிரந்தரச் சாபம். அதைக் கண்டுபிடிக்க டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பர், எஞ்சின் நம்பரை வண்டியில் அடித்திருப்பதோடு ஒப்பிட்டார். சாதாரண ஆக்டேவியாவுக்கு ஆர்.எஸ். பம்பரும் பேட்ஜும் மாட்டி விற்பது ஒன்றும் கஷ்டமில்லை. அந்த டர்போ எஞ்சினைத்தான் எளிதில் மாட்ட முடியாது.

நம் பக்கத்து ஆர்.எஸ்.களில் ஒரு சிக்கல் உண்டு. பந்தயம் பழகிய ஊர் என்பதால் கை வைக்காத வண்டி அபூர்வம். ரீமேப், ஸ்டேஜ் 2 என்று எஞ்சின் சக்தியைக் கூட்டும் மாற்றங்கள், சத்தமான சைலன்சர், தாழ்த்திய ஸ்பிரிங். ஓட்ட ஜோராக இருக்கும். சேகரிப்புச் சந்தையில் அதற்குச் செலவழித்த பணம் திரும்பி வராது, கேரள மோட்டார் வாகனத் துறையின் கெடுபிடியில் மறுபதிவும் சிக்கும். கழற்றிய கம்பெனி பாகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு பரணில் வைத்திருக்கும் ஓனர் கிடைத்தால், அந்த அட்டைப்பெட்டிக்கே தனியாக விலை கொடுக்கலாம்.

வைத்திருப்பதற்கு ஆகும் செலவு

'முதலீடு' என்று சொல்லி வீட்டில் சம்மதம் வாங்குபவர்கள் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். 12 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே பணம் 7 சதவீத டெபாசிட்டில் ஐந்து ஆண்டில் சுமார் 16.8 லட்சம் ஆகும். இன்சூரன்ஸ், பேட்டரி, டயர், டைமிங் பெல்ட், சர்வீஸ் என்று ஆண்டுக்கு 60,000 என்றால் ஐந்து ஆண்டில் 3 லட்சம். ஆக, 19.8 லட்சத்துக்கு விற்றால்தான் நஷ்டமில்லை. அதாவது 65 சதவீதம் ஏற வேண்டும். உதிரிபாகம் ஐரோப்பாவிலிருந்து வருகிறது. ஆர்.எஸ். முதலில் வந்தபோது ஒரு டாலர் 45 ரூபாய் சுமார், 2025-ல் 85-ஐத் தாண்டிவிட்டது. அபார்த் புன்ட்டோ வைத்திருப்பவர் நிலை இன்னும் கொஞ்சம் இறுக்கம். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது.

ஒரு ஆறுதல்: சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காரை லாபத்துக்கு விற்றால் அதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நகைக்கு உண்டு, காருக்கு இல்லை. வியாபாரமாகச் செய்தால் அது வேறு கணக்கு.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஜூன், ஜூலையில் கணவாய் வழியாகச் சாரல் காற்று வீசும் ஊரில், மாதக்கணக்கில் பாதி டேங்கோடு மூடி வைத்தால் தண்ணீர் சேரும், பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பும். கவர் போட்டு மூடி வைப்பதை விட வாரம் ஒருமுறை ஆனைமலை வரை ஓட்டிவிட்டு வருவது வண்டிக்கு நல்லது. ஓட்டினால் கிலோமீட்டர் ஏறும், விலை குறையுமே என்பவர்களுக்கு என்னிடம் பதிலில்லை, அவர்கள் தங்கம் வாங்கலாம்.

இன்சூரன்ஸில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர் பாலிசியில் ஐ.டி.வி. என்ற தொகை, அதாவது வண்டி முழுதாகப் போனால் கம்பெனி தரும் உச்சத் தொகை, வயதுக்கேற்ப இறங்கும்: நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் பாதியாகிவிடும். ஐந்து தாண்டினால் உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே பேசி முடிவு செய்வது. பிரீமியம் மிச்சம் என்று ஏஜென்ட் 2 லட்சம் போடுவார், நீங்களும் தலையாட்டுவீர்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதம் தாண்டினால் வண்டி 'டோட்டல் லாஸ்'. ஆர்.எஸ்.ஸின் முன் பம்பர், ஹெட்லைட் ஜோடி, ரேடியேட்டர் எல்லாம் இறக்குமதி விலையில் போட்டால் ஒன்றரை லட்சம் தொடுவது சிரமமில்லை. ஆனைமலை ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தால் போதும், 12 லட்ச ரூபாய் வண்டி காகிதத்தில் கண்டமாகிவிடும், கைக்கு வருவது 2 லட்சம். வண்டியின் படங்கள், சர்வீஸ் பில்கள், மதிப்பீட்டாளரின் கடிதம் இவற்றைக் கொடுத்து ஐ.டி.வி.யை உயர்த்தக் கேளுங்கள். ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்று. பிரீமியம் சில ஆயிரம் கூடும், அவ்வளவுதான்.

விலை பேசுவதைப் பற்றி ஒன்று. விளம்பர விலையில் தொடங்கிக் கீழே இறக்கிப் பேசாதீர்கள். டிரான்ஸ்ஃபர் வரி, டயர், டைமிங் பெல்ட், சுத்தம் செய்ய வேண்டிய டர்போ என்று நீங்கள் போடப்போகும் செலவைக் கூட்டி, உள்ளூரில் இதே வண்டியைத் தேடும் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு, அந்தச் செலவைக் கழித்து உங்களுக்கென்று ஒரு விலை வைத்து, அங்கிருந்து மேலே போங்கள். வாங்க ஆள் மூன்றே பேர் என்றால் விற்பவருக்கும் அது தெரியும். ஆறு மாதமாக அதே விளம்பரம் அதே படத்தோடு ஓடிக்கொண்டிருந்தால், அவர் கேட்கும் விலைக்கு யாரும் வரவில்லை என்று அர்த்தம்.

பேசி முடித்தபின் முழுப் பணத்தையும் கொடுத்துச் சாவி வாங்கிவிட வேண்டாம். பேர் மாறாதவரை வண்டி செய்யும் விபத்துக்குப் பழைய ஓனர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அதனால் பேர் மாற்றுவதில் விற்பவருக்கும் அவசரம் இருக்க வேண்டும். ஒரு பகுதித் தொகையை, என்.ஓ.சி.யும் புது ஆர்.சி.யும் வரும்வரை பிடித்து வைக்க அவர் ஒப்புக்கொண்டால், தேதியும் தொகையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் இருவருமாக ஒரே நாளில் அவர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் மனு கொடுத்து, ரசீது கைக்கு வந்தபின் மீதியை வங்கி வழியாக அனுப்பி, வண்டியை அன்றைக்கே எடுத்து வாருங்கள்.